பிரதம அதிதி வராமல் காமன் எழும்பக் கூடாது

“டிக்கெட் எடுக்காமல் உள்ளுக்கு விடேலாது அக்கா, எத்தினை தரம்—”

“நான் என்னா வேடிக்கை பார்க்கவா மிஸ் வந்தேன்? உள்ள படுத்திருக்கிறது எங்க வீட்டுக்காரரு—”

“—எத்தினை தரம் சொல்லுறது? ஆரா இருந்தாலும் டிக்கெட். அதென்ன கையில, தூக்குவாளியோ? தின்னுற குடிக்கிற சாமான் ஒண்டும்—”

“பாலுங்க மிஸ், வெறும் பசும்பாலு. நேத்தே குடுத்திருக்கணும். நேத்தோட மூணாம் நாளு முடிஞ்சிருச்சு, ஒருத்தரும் எழுப்பல—”

“—உள்ளுக்குக் கொண்டு போகேலாது எண்டு மூண்டு மொழியில எழுதிக் கிடக்கு!”

“அந்த மூணு மொழியிலயும் எங்க ஆளு எப்ப எந்திரிப்பாருன்னு எழுதியிருக்கா மிஸ்?”

அது எழுதியிருக்கவில்லை. ஆகையால் சண்டை ஒரு நிமிடம் நின்றது.

அரும்பொருள் காட்டும் பதுளை மலைமகுடம் நூதனசாலையின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் ஜெயந்தினி, சேனமலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு வாளியை உயர்த்திப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் டவுனுக்கு வந்து சேர்ந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உதவிக் காப்பாளர் நிசாந்தினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பதுளைக் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவள்.

“சரி, பேரைச் சொல்லுங்கோ பாப்பம். ஆர் உங்கட அவர்?”

ஜெயந்தினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கல்யாணம் முடித்துப் பதினெட்டு வருசத்தில் புருசன் பெயரை அவள் சொன்னதில்லை. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அப்பா பெயர் என்ன என்று கேட்ட நர்சுக்கு, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை உலுக்கித்தான் பதில் வாங்கிக் கொடுத்தாள்.

“அதுங்க மிஸ்... தங்கத்துக்கு இன்னொரு பேரு இருக்கில்லீங்களா, அதுக்குப் பின்னால ஐயா போட்டுக்கங்க.”

“பொன்னையா,” என்றார் வாசலில் நின்ற காவலாளி பலீல். “காமனா செத்துக் கிடக்கிறாரே, அவர்ட பொஞ்சாதி. விடுங்க மிஸ், பாவம்.”

“ஓ, அவரோ?” நிசாந்தினியின் குரல் கொஞ்சம் இறங்கியது. “அக்கா, கோவிக்காதேங்கோ. அவர் இப்ப காட்சிப்பொருள். குடும்பத்து ஆக்கள் தனியப் பாக்கிறதெண்டால் பணிப்பாளரிட்ட அனுமதி எடுக்கோணும். அவர் மத்தியானம்தான் வருவார்.”

“அதுவரைக்கும்?”

“டிக்கெட் எடுத்தால் இப்பவே பாக்கலாம்.”

நிசாந்தினி போன் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து பலீல் கிட்ட வந்தார். “தங்கச்சி, ஸ்கூல் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்ல. அந்தா, வெலிமடையில இருந்து ஒரு ஸ்கூல் வந்து நிக்குது. லைன்ல கடைசியில போய் நில்லுங்க. கேட்டா டீச்சர் எண்டு சொல்லுங்க.”

“வாளி?”

“டீச்சர்மாரும் பால் குடிக்கிறவங்கதானே.”

ஒரு மனுசன் எப்படிக் காட்சிப்பொருள் ஆனான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மாசி மாதம் சேனமலையில் காமன் கூத்து. கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்துவிடுவார். எரிந்த காமன் மூன்றாம் நாள் எழும்புவான். இடைப்பட்ட நாட்களில் காமன் வேசம் கட்டியவர் செத்தவர்தான். வாய் திறக்கக் கூடாது. வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது. கோயில் கொட்டகையில் வாழையிலையில் படுத்துக் கிடக்க வேண்டும். பாலும் பழமும்தான், அதுவும் இருட்டில், முக்காடு போட்டுக்கொண்டு. அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்றாம் நாள் காமனின் மனைவி ரதியாக வேசம் கட்டியவர் வந்து ஒப்பாரி பாடி, மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாயில் பாலை விட்டால் எழும்புவார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசினாலும் நேர்ந்துகொண்ட காரியம் பாழாகிவிடும்.

பொன்னையா நேர்ந்துகொண்டது மகள் ஆர்த்திகாவுக்காக. பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்மார் கையை விரித்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்றபடியே, “மூணு வருசம் உனக்காகச் சாகிறேன், புள்ளய விட்டுடு சாமி” என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டாள். அவனும் சொன்ன சொல் மாறாமல் இரண்டு வருசம் செத்தான். இது மூன்றாவது, கடைசிச் சாவு.

இந்த நேரம் பார்த்துத்தான் நூதனசாலைக்கு வெளிநாட்டிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. ‘திரைக்குப் பின்னே: ஒப்பராவின் மறைந்த உலகம்’ என்று கண்காட்சி. ஒப்பரா என்றால் வெள்ளைக்காரர்களின் பாட்டுக்கூத்து. மேடையில் பாடுகிறவர்கள் மேடைக்குப் பின்னால் எப்படிப் பவுடர் போட்டார்கள், எந்தச் செருப்பை மாட்டினார்கள், இடி இடிப்பதற்கு எந்தத் தகரத்தை ஆட்டினார்கள் என்று காட்டுகிற ஏற்பாடு. பெட்டியோடு ஓர் ஆலோசகர் அம்மாவும் வந்தார். பெட்டியோடு ஒரு நிபந்தனையும் வந்தது: ஓர் அறை உள்ளூர்க் கலைக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

பணிப்பாளர் சிற்றம்பலம் ஜீப்பில் ஏறிச் சேனமலைக்கு வந்தார்.

“கூத்தை எல்லாரும் பாக்கினம். கூத்துக்குப் பின்னால என்ன நடக்குது எண்டுதான் நாங்கள் காட்டப்போறம்,” என்றார்.

“பின்னால ஒண்ணும் நடக்காதுங்க சார்,” என்றார் கூத்து மாஸ்டர். “பின்னால மாட்டுப்பட்டி.”

“அது உங்களுக்கு விளங்காது. வேசம் எங்க கட்டுறியள்?”

“லயத்துக் கடைசிக் காம்பராவிலங்க. வரிசை வீட்டுல கடைசி அறைங்க.”

“அதுதான்! அந்தக் காம்பரா வேணும். காமனும் வேணும். மூண்டாம் நாள் பிரதம அதிதி முன்னிலையில பதுளையிலயே எழுப்புவம். உங்கட தோட்டத்தின்ட பேர் உலகம் முழுக்கப் போகும்.”

பெயர் உலகம் முழுக்கப் போகும் என்றதும் மாஸ்டருக்கு வேட்டி நழுவியது தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார். பொன்னையாவிடம் யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டார்கள். காமனை எரித்த மறுநாள் காலையில், வாகனத்தில் ஏற்றிய பிறகு கேட்டார்கள்.

“உங்களுக்குச் சம்மதமோ ஐயா?” என்றாள் நிசாந்தினி.

செத்தவன் எப்படிப் பேசுவான்?

“மறுப்பு இல்லை எண்டு எழுது,” என்றார் பணிப்பாளர்.

ஜெயந்தினி வெலிமடைப் பிள்ளைகளுக்குப் பின்னால் வாளியோடு நடந்தாள். முதல் கூடத்தில் கண்ணாடிக்குள் ஒரு ராணியின் கவுன். பந்தல் மாதிரி விரிந்து நின்றது. பக்கத்தில் பொய்மயிர், பொய்மூக்கு, பொய்க்கத்தி. குளிர் எலும்பைத் தொட்டது.

“ஏன் மிஸ் இவ்வளவு குளிரு?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“இராணியின்ட உடுப்புக்கு வேர்க்கக் கூடாது. வேர்த்தால் துணி பழுதாப் போயிடும்,” என்று சுற்றிக் காட்டிய நிசாந்தினி சொன்னாள்.

இரண்டாவது கூடத்துக்குள் நுழைந்ததும் ஜெயந்தினி நின்றுவிட்டாள். அவளுடைய வீடு அங்கே இருந்தது. அதே பத்தடிக் காம்பரா, அதே தகரக் கூரை, புகை பிடித்த அதே சுவர். புகையைப் பெயின்டால் அடித்திருந்தார்கள். கூரையிலிருந்து தண்ணீர்கூட ஒழுகியது. நேரம் தவறாமல் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

“இந்த ஒழுகலுக்கு மட்டும் கொழும்பிலயிருந்து ஆள் வந்து மோட்டர் பூட்டினவை,” என்றாள் நிசாந்தினி பெருமையாக.

“எங்க வீட்டு ஒழுகலுக்குப் பன்னண்டு வருசமா ஆள் வரலீங்களே மிஸ்,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் ஜெயந்தினி.

“இந்த டீச்சர் யாரு?” என்று வெலிமடை டீச்சர் ஒருவர் கேட்டார். நிசாந்தினி வாளியைக் கண்டும் காணாதவள்போல் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பதில் சொல்ல ஜெயந்தினிக்கு நேரமில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், வாடிப்போன வாழையிலையில், நீலச் சாயம் பூசிய வெறும் மேலோடு பொன்னையா கிடந்தான். தலைக்கிரீடம் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள். தப்பு மேளம் இன்னொரு பெட்டிக்குள். ரதியின் சேலை மூன்றாவது பெட்டிக்குள். அவனுக்கு மட்டும் பெட்டி கிடைக்கவில்லை போலும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கூரைச் சொட்டு அவனுடைய இடது காலில் விழுந்தது. விழுந்ததும் பெருவிரல் சுருங்கியது. அடுத்த சொட்டு, அடுத்த சுருக்கம்.

“என்னாங்க,” என்றாள் ஜெயந்தினி மெதுவாக.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். அந்தக் கண்ணில் தண்ணீர் நிரம்பி, நீலச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு காதுக்குள் இறங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

“மிஸ், இவர் நடிக்கிறாரா, உண்மையிலயே செத்துட்டாரா?” என்று அதே பிள்ளை கேட்டது.

“காட்சிக்கூடத்தில சத்தம் போடக் கூடாது,” என்றாள் நிசாந்தினி.

பணிப்பாளர் சிற்றம்பலம் மத்தியானம் வந்து, சாப்பிட்டு, கை கழுவி, ஜெயந்தினியை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுசன். நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

“பாருங்கோ பிள்ளை, பிரதம அதிதிக்கு நேற்றுக் கொழும்பில கூட்டம் வந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அவர் வந்து விளக்கேத்தினாப் பிறகுதான் எழுப்பலாம்.”

“சார், மூணாம் நாளு எழுப்பணும் சார். அதுதான் மொறை.”

“முறை எனக்கும் தெரியும். நான் அதைப்பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறன். ஆனால் அழைப்பிதழில என்ன கிடக்கு? ‘பிரதம அதிதி காமனை எழுப்பி வைப்பார்’ எண்டு கிடக்கு. அவர் வாறதுக்கு முன்னம் காமன் எழும்பி இருந்தால் அவர் எதை எழுப்புறது?”

“அவருக்குக் குளிருதுங்க. ஒரு கம்பளியாச்சும் போடலாமுங்களா?”

“செத்த காமனுக்குக் கம்பளி போர்க்கிற வழக்கம் இருக்கோ?”

“இல்லீங்க. ஆனா எங்க கொட்டகையில ராணி கவுனும் இல்லீங்களே.”

பணிப்பாளர் சிரித்தார். பிறகு சிரித்தது தப்பு என்று பட்டதோ என்னவோ, எழுந்து நின்று, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்காக மனப்பாடம் செய்ததில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

“இருநூறு வருசமாய் இந்த மலையில வாழுற மக்களின்ட கலையை ஆரும் கவனிக்கேல்லை. நாங்கள் கவனிக்கிறம். அதுக்கெண்டு தனிக் கூடம், தனி வெளிச்சம், தனி ஒழுகல். உங்கட கலையை வாழவைக்க இவ்வளவு பேர் பாடுபடேக்க, உங்கட மனுசன் இன்னும் நாலு நாள் கூடச் செத்திருக்கிறதில என்ன குறைஞ்சு போகுது?”

ஜெயந்தினி வாளியைப் பார்த்தாள். பால் திரிந்துவிட்டிருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. காமன் எழும்பாமல் கிடக்கிறார், ஆகையால் லயத்தில் நல்லது கெட்டது எதுவும் தொடங்கக் கூடாது. ஒரு வளைகாப்பு தள்ளிப்போனது. அந்தப் பெண்ணின் மாமியார், ஜெயந்தினியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பெரியாத வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவும் கூடாது, அவள் கேட்கவும் கூடாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஆர்த்திகாவுக்கு மட்டும் சோறு வந்தது.

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, கணக்கப்பிள்ளை பெயர் வாசித்தார்.

“பொன்னையா?”

“இன்னும் எழுப்பலீங்க ஐயா,” என்றாள் ஜெயந்தினி.

“அப்ப லீவா, ஆப்சென்டா?”

“செத்திருக்காருங்க.”

“சாவுக்கு மூணு நாளுதான் தருவாங்க. அதுவும் சொந்தக்காரங்க செத்தாத்தான். தானே செத்துக்கிட்டு லீவு கேட்டா நான் எந்தப் பக்கத்துல எழுதுறது?”

வீட்டில் ஆர்த்திகா கேட்டாள்: “அம்மா, அப்பாவ வரச் சொல்லும்மா. எனக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லியே.”

“நீ அப்படிச் சொல்லாதடி. அவரு காதுல விழுந்தா பேசிருவாரு.”

ஞாயிற்றுக்கிழமை பிரதம அதிதி வரவில்லை. அடுத்த புதன் என்றார்கள். புதன் போயா தினம், பௌர்ணமி விடுமுறை, என்று பிறகு கண்டுபிடித்து வெள்ளி என்றார்கள். ஒவ்வொரு நாளும் ஜெயந்தினி புதுப்பால் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள், ஒவ்வொரு நாளும் வேறொரு பள்ளிக்கூடத்தின் டீச்சரானாள். பொன்னையாவின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. ராத்திரியில் பலீல் பழம் கொடுத்து, முக்காடு போட்டு, கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப்போனார். அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

“காட்சிப்பொருள் இடம் பெயர்ந்தது கேமராவில விழுந்திருக்கு எண்டு கேக்கிறாங்க தங்கச்சி. நான் என்னத்தச் சொல்றது? காத்தடிச்சிச்சு எண்டு எழுதிக் குடுத்துட்டன்.” பலீல் குரலைத் தாழ்த்தினார். “ஆனா சொல்லாம இருக்கக் கூடாது. நேத்து ராவு கையப் புடிச்சன், அடுப்பு மாதிரிச் சுடுது. இருமல் வேற. இருமுறதும் பேச்சுக் கணக்கில சேருமோ எண்டு பயந்து வாயப் பொத்திக்கிட்டு இருமுறார்.”

ஜெயந்தினி அன்றைக்கு டீச்சராக நிற்கவில்லை. நேரே பணிப்பாளரின் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஆலோசகர் அம்மாவும் இருந்தார். நிசாந்தினி மொழிபெயர்த்தாள்.

“சார், காய்ச்சலுங்க. ஆஸ்பத்திரி இந்தா, நடக்கிற தூரம். ஒரு ஊசி போட்டுட்டு நானே கொண்டாந்து படுக்க வச்சிர்றேன். பேச மாட்டாருங்க, சத்தியமா.”

“பிள்ளை, காட்சிப்பொருள் கட்டடத்தை விட்டு வெளியில போறதெண்டால் காப்புறுதிக்காரர், இன்சூரன்ஸ் ஆக்கள், வந்து பாக்கோணும். கவுனும் அவரும் ஒரே காப்புறுதி.”

“அப்ப டாக்டர இங்க வரச் சொல்லுங்க.”

“டாக்டர் வந்தால் அவர் உயிரோட இருக்கிறதாய் எழுதுவார்.”

“உயிரோடதானே சார் இருக்காரு!”

“அதுதான் பிரச்சினை.” பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு பொருளைப் பொறுப்பெடுக்கேக்க எந்த நிலையில இருந்ததோ, அதே நிலையிலதான் திருப்பிக் கையளிக்கோணும். இது உலகம் முழுக்க இருக்கிற நடைமுறை. உங்கட மனுசனைப் பொறுப்பெடுக்கேக்க அவர் செத்திருந்தவர். உங்கட மாஸ்டரே அப்பிடித்தான் சொன்னவர்.”

ஜெயந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆலோசகர் அம்மா எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாக ஏதோ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

“என்னா சொல்றாங்க மிஸ்?”

“ஒப்பராவிலயும் இப்பிடித்தானாம் அக்கா. நோய் வந்து சாகிற பெண் கடைசி மூச்சு வரைக்கும் பாடிக்கொண்டே இருப்பாளாம். சனம் எழும்பி நிண்டு கை தட்டுமாம்.”

“அவங்க ஊர்ல சாகும்போது பாட விடுறாங்க. எங்க ஆளு ‘தண்ணி’ன்னு கேக்கக்கூட முடியாமக் கிடக்காருன்னு சொல்லுங்க.”

நிசாந்தினி அதை மொழிபெயர்க்கவில்லை. வெளியே வந்ததும் தன்னுடைய ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்றி ஜெயந்தினியிடம் நீட்டினாள். “பலீல் ஐயாட்டக் குடுங்கோ, இரவில போட்டுவிடட்டும். விடிய முதல் கழட்டச் சொல்லுங்கோ. நானும் கொன்ட்ராக்ட்தான் அக்கா. என்னால இவ்வளவுதான் ஏலும்.”

வெள்ளிக்கிழமை பிரதம அதிதி வந்தேவிட்டார். நூதனசாலை வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், கண்டிய நடனம், பாண்ட் வாத்தியம், நான்கும் ஒன்றாக. சேனமலையிலிருந்து கூத்து மாஸ்டரும், ரதி வேசம் கட்டுகிற ஜீவனும் வந்திருந்தார்கள். ஜீவன் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிற பையன். குரல் எடுத்தால் கல்லும் அழும் என்று பெயர் வாங்கியவன்.

“சேலையக் குடுங்க மிஸ், கட்டிக்கிறேன்,” என்றான்.

“சேலை பெட்டிக்குள்ள கிடக்கு. தொடேலாது.”

“தப்பு?”

“அதுவும் தொடேலாது. கையில எண்ணெய் இருக்கும்.”

“சரி, காற்சட்டையோட நின்னே பாடிர்றேன். ஒப்பாரி முக்கா மணி நேரம். எங்க நிக்கணும்?”

நிசாந்தினி நிகழ்ச்சிநிரலைப் பார்த்தாள். “எழுப்புறதுக்கு நாலு நிமிசம் போட்டிருக்கு. அதுக்கும் ஒப்பராப் பாட்டு ஒண்டு ஸ்பீக்கரில போடீனமாம். நீங்கள் நிக்கத் தேவையில்லை.”

ஜீவன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

ஜெயந்தினியை வரிசையில் நிற்க விட்டார்கள், அன்றைக்கு டிக்கெட் இல்லை. வாளியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கயிற்றோரமாக நின்றாள். பொன்னையாவுக்கு அன்று காலை புதிதாக நீலச் சாயம் பூசியிருந்தார்கள். சாயத்துக்குள் முகம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் அவனுடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு விழுந்தது. விரல் சுருங்கியது, வெகுநேரம் கழித்து, மெதுவாக.

பிரதம அதிதி விளக்கேற்றினார். பிறகு பேசினார்.

“நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஒழுகுகிற கூரைக்குக் கீழேதான் வளர்ந்தேன். அந்த வேதனை எனக்குத் தெரியும். அதனால்தான் முப்பது வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. போனால் அழுதுவிடுவேன். இன்று இந்த நூதனசாலை அந்த ஒழுகலை, காலணியில் சேறு படாமல், குளிரூட்டிய அறையில் நான் பார்க்கும்படி செய்திருக்கிறது. இதுதான் அபிவிருத்தி!”

கைதட்டல்.

“இதோ கிடக்கிறாரே, இந்தக் கலைஞர். இத்தனை நாளாக அசையாமல், பேசாமல், கேட்காமல் கிடக்கிறார். நம்முடைய மக்கள் எல்லாரும் இவரைப்போல இருந்துவிட்டால் நாடு எப்போதோ முன்னேறியிருக்கும்!”

இன்னும் பலத்த கைதட்டல். சொட்டு விழுந்தது. ஜெயந்தினி எட்டிப் பார்த்தாள். விரல் அசைந்த மாதிரி இருந்தது. அசையாத மாதிரியும் இருந்தது. முன்னால் நின்ற ஒரு போட்டோக்காரர் மறைத்துவிட்டார்.

பணிப்பாளர் ஒலிபெருக்கியை வாங்கினார். “அடுத்ததாக, காமனை எழுப்பி வைக்கும் நிகழ்வு...”

பிரதம அதிதி அவருடைய தோளைத் தொட்டார். இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள். பணிப்பாளரின் முகம் மலர்ந்தது.

“சபையோரே, ஒரு மகிழ்ச்சியான செய்தி! கௌரவ பிரதம அதிதி அவர்கள் நல்லதொரு கேள்வியைக் கேட்டிருக்கிறார். ‘இவரை இப்போது எழுப்பிவிட்டால், நாளைக்கு வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?’ ஆகவே, காமன் இதே நிலையிலேயே ஆண்டு முடியும்வரை இங்கே காட்சிக்கு இருப்பார். பிறகு கொழும்பு செல்வார். அதன் பிறகு வெளிநாடு செல்லும் வாய்ப்பும்...”

சபை எழுந்து நின்று தட்டியது. ஆலோசகர் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரக் குரல் உச்சத்துக்கு ஏறி, கண்ணாடிப் பெட்டிகளை அதிரவைத்தது.

கயிற்றடியில் நின்ற பலீல், கயிற்றை ஒரு கையால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிச் சுவரைப் பார்த்தார். ஜெயந்தினி தாண்டினாள்.

“பிள்ளை! தொடாதேங்கோ! பிள்ளை!”

அவள் வாழையிலையில் முழங்காலிட்டு அவனுடைய தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சூடாக இருக்கும் என்று நினைத்து வைத்த கை, சூட்டைத் தேடி நெற்றியிலிருந்து கழுத்துக்குப் போனது, கழுத்திலிருந்து நெஞ்சுக்குப் போனது. அந்தக் கூடமே குளிர். எது கூடத்தின் குளிர், எது அவனுடைய குளிர் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வாளியைத் திறந்தாள்.

“அக்கா, ரதிதான் கூப்பிடணும்!” என்று பின்னாலிருந்து ஜீவன் கத்தினான்.

“நான் யாருடா?” என்றாள் ஜெயந்தினி.

வாயைத் திறந்தாள். பதினெட்டு வருசமாகப் பூட்டியிருந்த வாய். முதல் எழுத்து வெளியே வரச் சிரமப்பட்டது.

“பொன்னையா.”

“பலீல், அந்தப் பொம்பிளையை வெளியில எடும்! காப்புறுதி! காப்புறுதி!” என்று பணிப்பாளர் கத்தினார். பிரதம அதிதி, “இதுவும் நிகழ்ச்சியில் இருக்கிறதா? மிகவும் இயற்கையாக இருக்கிறது,” என்றார். போட்டோக்காரர்கள் முன்னால் வந்து குந்தினார்கள்.

“பொன்னையா!”

பால் உதட்டில் பட்டு, உள்ளே போகாமல், நீலக் கன்னத்தில் வெள்ளைக் கோடாக வழிந்தது. யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். நிசாந்தினி மட்டும், “தட்டாதேங்கோ, தயவு செய்து தட்டாதேங்கோ,” என்றாள். பாட்டு நின்றது. மோட்டர் நிற்கவில்லை. சொட்டு ஒன்று இடது காலில் விழுந்தது. ஜெயந்தினி விரலைப் பார்த்தாள். இன்னொரு சொட்டு விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது.

“பொன்னையா! இந்தாங்க, மூணு தரமும் பேரு சொல்லிட்டேங்க... புள்ள நல்லாத்தான் இருக்கா, எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்.”